இட்டேரிகளைச் சேர்த்தால் சைக்கிள் பாதை ஆகுமா? (வெள்ளகோவில் – முத்தூர் – தாராபுரம் வட்டாரம்)

முத்தூரான் (இழையைத் தொடங்கியவர்)

எம் பொண்ணு இப்பப் பத்தாவது. அடுத்த வருஷம் பதினொண்ணு போனா பள்ளிக்கூடத்துல விலையில்லா சைக்கிள் கைக்கு வரும். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வயித்தைக் கலக்குது. பள்ளிக்கூடம் 6 கிலோமீட்டர். அதுல 4 கிலோமீட்டர் பெரிய ரோடு. காத்தால எட்டே முக்காலுக்குத்தான் மில் பஸ், டிப்பர், தேங்காய் லோடு எல்லாம் ஒண்ணா வரும்.

எங்கப்பா அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன வழி வேற. இட்டேரி. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல மாட்டுவண்டி போற அகலத்துக்கு மண்பாதை. அதுதான் இட்டேரி. எங்க பக்கம் ஊருக்கு ஊர், காட்டுக்குக் காடு (காடுன்னா எங்க பேச்சுல விவசாய நிலம்) இது ஓடும். போன ஞாயித்துக்கிழமை கிராம வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு அந்த வழியே நடந்து பார்த்தேன்.

முதல் ஒண்ணேகால் கிலோமீட்டர் அருமை. வேலி மேல கோவைக்கொடி, ரெண்டு இடத்துல வெள்வேலமர நிழல். மண்ணு இறுகிக் கெட்டியா இருக்குது, சைக்கிள் தாராளமாப் போகும். அப்புறம் ஒரு ஓடைப்பள்ளம். மழை அறுத்ததுல முழங்கால் ஆழம். அதைத் தாண்டுனா சீமைக்கருவேலம் ரெண்டு பக்கமும் கை கோத்து நிக்குது, குனிஞ்சாத்தான் போக முடியும். இன்னும் கொஞ்ச தூரத்துல ஒருத்தர் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துட்டாரு, பாதையில பாதி அவர் காட்டுக்குள்ள. இதெல்லாம் போகட்டும். கடைசியா இட்டேரி போய் முட்டற இடம் பெரிய ரோடு. எதிர்ப்பக்கம் அதே இட்டேரி தொடருது, கண்ணுக்கே தெரியுது. நடுவுல மீடியன், மேல இரும்புத் தடுப்பு. முறைப்படி கடக்கணும்னா 900 மீட்டர் கிழக்கே போய்த் திரும்பி, அதே 900 மீட்டர் மேற்கே வரணும். நான் நிக்கறப்பவே ஒரு அம்மிணியாத்தா சாக்கு மூட்டையை முதல்ல அந்தப் பக்கம் வீசிட்டு, சேலையைச் சொருகிக்கிட்டுத் தடுப்பு மேல ஏறி இறங்குச்சு.

மொத்தமா 5 கிலோமீட்டர் சொச்சம். கெட்டுப் போனது 600 மீட்டரும் ஒரு கடப்பும் மட்டும். இந்த மாதிரி துண்டு துண்டாக் கிடக்கற வழிகளைச் சேர்த்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குன்னு இல்லாம ஒரு வட்டாரத்துக்கே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வலைப்பின்னல் போட முடியுமா? ரோட்டு வேலை தெரிஞ்சவங்க, ரெவின்யூ தெரிஞ்சவங்க, காட்டுக்காரங்க எல்லாரும் சொல்லுங்க.

டாப்கியர்

அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இப்ப யாருங்க சைக்கிள் ஓட்டறாங்க? காட்டு வேலைக்குப் போறவங்ககூட எக்ஸ்எல்லு வெச்சிருக்காங்க. சென்னை, கோயமுத்தூர்ல சைக்கிள் தடம்னு கோடு போட்டு வெச்சாங்க, அதுல காரைத்தான் நிறுத்தறாங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் பஸ் பாருங்க, முடிஞ்சது.

ரேவதி_தாராபுரம்

டாப்கியர் தம்பி, நீங்க ஓட்டற வண்டியோட கண்ணாடி வழியாப் பார்த்தா சைக்கிள் தெரியாதுதான். 2011 கணக்கெடுப்புல விவசாயம், வீட்டுத்தொழில் தவிர மத்த வேலைக்குப் போறவங்க எப்படிப் போறாங்கன்னு கேட்டாங்க. நாடு முழுக்க அஞ்சுல ஒருத்தருக்கு மேல நடந்து, எட்டுல ஒருத்தர் சைக்கிள்ல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க இந்தக் கணக்குலயே வரலை. பஸ் ஏறப் போறவங்களும் வரலை. பஸ்ல போறவங்க எல்லாரும் ரெண்டு முனையிலும் நடக்கறவங்கதானே?

இன்னொண்ணு. 2022ல இந்தியாவுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. அதே வருஷம் விபத்து எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாட்டுக்கு, 64,105. எக்ஸ்எல்லு எல்லார் வீட்லயும் இருக்குதுன்னா செத்த அத்தனை பேரும் அன்னைக்கு மட்டும் ஏன் நடந்தாங்க?

முத்தூரான் அண்ணா, உங்க இட்டேரி நல்ல யோசனை. ஆனா அதைப் பத்தி எனக்கு ஒரு பயம் இருக்குது, சாவகாசமா எழுதறேன்.

பழைய_ஓவர்சியர்

முப்பத்திரண்டு வருடம் சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். முத்தூரான் அளந்து எழுதியிருக்கிறார், அதனால் பதில் எழுதத் தோன்றியது.

முதலில் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஒரு கை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, கிராம ஊராட்சிச் சாலை. வாய்க்கால் கரை நீர்வளத்துறை. இட்டேரி வருவாய்க் கணக்கில் வண்டிப்பாதை. ஒரு பெண் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் 5 கிலோமீட்டரில் நான்கு கைகளின் நிலத்தை மிதிக்கிறாள். ஒவ்வொரு கையும் தன் துண்டை மட்டும் பார்க்கும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, விபத்து நடப்பதும் அங்கேதான்.

ஓர் உதாரணம். இருவழிச் சாலை என்றால் தார் 7 மீட்டர், இடைவழி என்றால் 5.5, ஒற்றை வழி 3.75. இரு பக்கமும் மண் பெர்ம், அதாவது தாரை ஒட்டிய மண் ஓரம். சைக்கிள்காரர் பெர்மிலோ தார் ஓரத்திலோ போய்க்கொண்டே இருப்பார். சிறு பாலம் வரும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் தாரை ஒட்டியே நிற்கும், பெர்ம் அங்கே மறைந்துவிடும். பின்னால் வரும் லாரிக்கும் சைக்கிளுக்கும் அந்தப் பன்னிரண்டு அடியில் ஒரே இடம். சாலையை அகலப்படுத்தும்போது பாலத்தையும் அகலப்படுத்தாமல் விட்டால் இதுதான் நடக்கும். எந்த ஊரிலும் போய்ப் பாருங்கள், பாலத்துக்கு முன்னால் தார் ஓரத்தில் திடீரென்று உள்ளே வளையும் டயர் தடம் தெரியும்.

ஆகவே நீங்கள் வலைப்பின்னல் திட்டம் போடுவதானால் கோடு வரையாதீர்கள். முதலில் புள்ளி வையுங்கள். எங்கெங்கே கடக்க வேண்டும், எங்கெங்கே குறுகுகிறது, எங்கே அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. கோடு தானாக வரும்.

காவடிச்சிந்து_72

எனக்கும் ஒண்ணு சொல்லணும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில காவேரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கற கூட்டத்துல நானும் ஒருத்தன், பத்தொன்பது வருஷமா. உங்க வட்டாரம் பூரா எங்க கால் பட்ட இடந்தான்.

நடக்கறவனுக்கு என்ன வேணும்னு நடக்காதவங்க முடிவு பண்றாங்க. திண்டுக்கல்–பழனி ரோட்டோரம் பாதயாத்திரைக்காரங்களுக்குன்னே பேவர் பிளாக் பாதை போட்டாங்க, நல்ல காரியம். ராத்திரியில லாரிக்குப் பயப்படாம நடக்கலாம். ஆனா பங்குனி வெயில்ல காலை பத்து மணிக்கு மேல அந்தக் கல்லு மேல வெறுங்கால் வைக்க முடியாது. மண்ணுல இறங்குனா நெருஞ்சி. அப்ப நாங்க எங்க நடப்போம் தெரியுமா? தார் ரோட்டு ஓரத்துல வெள்ளைக்கோடு போட்டிருப்பாங்களே, அது மேல. வெள்ளைப் பெயிண்டு கொஞ்சம் சுடாது. நாலு அங்குல அகலத்துல ஒருத்தர் பின்னால ஒருத்தரா, எறும்பு மாதிரி. லாரிக்காரன் பார்த்தா இவனுங்க பாதை இருந்தும் ரோட்டுல நடக்கறானுங்கன்னு திட்டுவான்.

முதுகுப் பையில ஒளிரும் ஸ்டிக்கர் போலீஸ்காரங்க ஒட்டி விடறாங்க. அது உயிரைக் காப்பாத்துது, பொய் சொல்லக் கூடாது. ஆனா நிழலுக்கு ஸ்டிக்கர் இல்லை.

உத்ரெக்ட்வாசி

வணக்கம். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம், பதினோரு வருடமாக நெதர்லாந்து. இங்கே எல்லாம் சொர்க்கம் என்று எழுத வரவில்லை. இங்கும் 1971இல் ஒரே வருடத்தில் 3,000 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள், அதில் 400க்கு மேல் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். சைக்கிள் இவர்கள் ரத்தத்தில் ஊறியது என்பதெல்லாம் பிறகு வந்த கதை.

முத்தூரான் கேட்பதற்கு நேராகப் பொருந்தும் ஒரு விஷயம். பக்கத்து பெல்ஜியத்தில் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் ஹூகோ போலென் என்ற சுரங்கப் பொறியாளர் ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தார். புதிய பாதை அதிகம் போடவில்லை. வயல் சாலை, வாய்க்கால் கரை, பழைய ரயில் தடம் என்று ஏற்கனவே இருந்தவற்றை எடுத்து, அவை சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். 14லிருந்து 27, 27லிருந்து 31 என்று எண்ணைப் பார்த்தே போய்விடலாம். ஊர்ப் பெயரோ வரைபடமோ தேவையில்லை. பிறகு நெதர்லாந்து முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. ஓவர்சியர் ஐயா முதலில் புள்ளி வை என்று சொன்னதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் எண்பலகை நட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. அது வழி சொல்லும், அவ்வளவுதான். வயல் சாலைகள் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் வேறு. பல இடங்களில் வேகம் 60க்குக் குறைத்தார்கள். நடுக்கோட்டை அழித்துவிட்டு இரு ஓரத்திலும் சைக்கிளுக்குப் பட்டை போட்டார்கள். நடுவில் ஒரு காருக்குத்தான் இடம் இருப்பதுபோலத் தெரியும், எதிரே வண்டி வந்தால் இருவரும் மெதுவாகத்தான் போக வேண்டும். பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் சுரங்கப்பாதை போட்டால், சைக்கிளைப் பள்ளத்தில் இறக்காமல் மேலே போகும் சாலையைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். உள்ளே நுழையும்போதே மறுமுனை வெளிச்சம் தெரிய வேண்டும் என்பது எழுதாத சட்டம் மாதிரி. பெண்கள் அந்த ஒரு காரணத்தால்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

டாப்கியர்

சரிங்ணா, அங்க குளிரு, மேடு பள்ளம் இல்லை. இங்க சித்திரையில 40 டிகிரி. காவடி அண்ணனே கால் சுடுதுங்கறாரு.

முத்தூரான்

தம்பி, நம்மூரும் மேடு பள்ளம் பெருசா இல்லாத ஊர்தான். வெயிலை விட எனக்குக் காத்துதான் கவலை. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில அடிக்கற காத்து தெரியுமல்ல? எங்க பொண்ணு மேற்க பார்த்துப் போகணும். பெரிய ரோட்டுல அந்தக் காத்துக்கு எதிர்ல மிதிச்சா சைக்கிள் ஆடும், ஆடுற நேரம் பார்த்து லாரி தாண்டும். இட்டேரிக்குள்ள கிளுவை வேலி ஆள் உசரம். காத்து தலைக்கு மேல போயிரும். போன ஆடியில, நல்லா இருக்கற அந்த ஒண்ணேகால் கிலோமீட்டர் தூரத்தை மட்டும் நானே ரெண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தேன், இட்டேரியில முன்னாடி போய்ச் சேர்ந்தேன். புளியமரம் போன ரோட்டுல நிழலும் இல்லை, காத்துக்கு மறைப்பும் இல்லை.

கொறங்காட்டுக்காரர்

எல்லாரும் நல்லாத்தான் பேசறீங்க. இட்டேரி ரெண்டு பக்கமும் எங்க காடு. எங்க பாடு யாரு கேக்கறது?

பெருமாள் கோயில் பக்கம் பன்னெண்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல்லு, வெள்வேல், சுத்தியும் கிளுவை வேலி. அதுல நாலு காங்கயம் மாடு, முப்பது ஆடு. கடவுல, அதாவது காட்டு நுழைவுல, ஒரு படல். அவ்வளவுதான் எங்க காவல். வழியைத் திறந்து விட்டீங்கன்னா முதல்ல வர்றது சைக்கிள் இல்லீங்க. சாயங்காலம் பாட்டிலோட வர்ற கூட்டம். அப்புறம் மோட்டார் ஒயர் அறுக்கறவன். அப்புறம் டிப்பர். எங்க ஊர்ல ஒரு இட்டேரிக்குக் கிராவல் கொட்டி நிரவுனாங்க, பிள்ளைங்க போகட்டும்னுதான். மூணே மாசத்துல ராத்திரி மண்ணு லோடு அது வழியாப் போச்சு. வேலி ஒருபக்கம் சரிஞ்சு ஆடு ரெண்டு ரோட்டுக்குப் போயி அடிபட்டுச்சு. யாருகிட்டப் போய் நிக்கறது?

கம்பி வேலி போட்டவரைப் பத்தி முத்தூரான் எழுதுனதும் ஒருதலையாத்தான் இருக்குது. பாதைக்கு அவர் காட்டுல பாதி போனதா, அவர் பாதையில பாதி எடுத்தாரான்னு சர்வேயர் வந்தாத்தான் தெரியும்.

முத்தூரான்

ஐயா, அந்தக் கடைசிப் பேச்சு நியாயம். நான் கண்ணால பார்த்ததை வெச்சு எழுதிட்டேன், அளந்து பார்க்கலை. மாத்திக்கறேன்.

பழைய_ஓவர்சியர்

கொறங்காட்டுக்காரர் சொன்னதை ஒவ்வொரு திட்டக்காரரும் படிக்க வேண்டும். டிப்பர் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. நுழைவில் மூன்று கல்லுக்கால் நடுங்கள், இடைவெளி ஒவ்வொன்றும் நாலு அடி. சைக்கிள், ஆள், ஆடு, மாடு போகும். டிப்பர் போகாது. உழவு டிராக்டர் போக வேண்டுமே என்பீர்கள். நடுக்கல்லை மட்டும் குழிக்குள் செருகி எடுக்கும் இரும்புக் குழாயாக வைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை இரு பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். பைக் போகத்தான் செய்யும், அதைத் தடுக்கப் பார்த்தால் சைக்கிளும் போகாது. வேகமாகப் போக முடியாதபடி பாதையை வைத்தால் போதும்.

இன்னொரு விஷயம், தயவுசெய்து தார் கேட்காதீர்கள். கிராம சபையில் கைதூக்கும் ஒவ்வொருவரும் தார்தான் கேட்கிறார்கள். தார் போட்ட நாளில் இட்டேரி குறுக்குச் சாலை ஆகிவிடும். கிராவலைப் பரப்பி, நடுவில் மேடாகவும் ஓரம் சரிவாகவும் உருளை ஓட்டி இறுக்கினால் மழையில் சேறாகாது. ஓடைப்பள்ளத்துக்குப் பாலம் கேட்க வேண்டாம், கல் பதித்த தரைப்பாலம் போதும். வருடத்தில் பத்து நாள் தண்ணீர் போகும், அந்தப் பத்து நாள் வேறு வழி.

ரேவதி_தாராபுரம்

இப்ப என் பயத்தைச் சொல்லிடறேன். நான் டீச்சர். எட்டாவது, ஒன்பதாவது பொண்ணுங்ககிட்ட எந்த வழியா வர்றீங்கன்னு போன வாரம் கேட்டேன். பதினேழு பேர் சைக்கிள். அதுல பதினாலு பேர் பெரிய ரோடு. ஏன்னு கேட்டா, “அங்க ஆளுங்க இருப்பாங்க மிஸ்”. ஒரு பொண்ணு சொன்னா, “லாரிக்காரன் இடிச்சாக்கூட நாலு பேர் பார்ப்பாங்க.” அந்தப் பேச்சு ரெண்டு நாளா மனசுல ஓடுது.

நீங்க எல்லாரும் மோட்டார் வண்டியில இருந்து பிள்ளைங்களைக் காப்பாத்த வழி தேடறீங்க. பிள்ளைங்க வேற எதுல இருந்தோ காப்பாத்திக்கத்தான் மோட்டார் வண்டிக்குப் பக்கத்துல போறாங்க. ஆள் உசரக் கிளுவை வேலி முத்தூரான் அண்ணாவுக்குக் காத்துக்கு மறைப்பு. ஒரு பதிமூணு வயசுப் பொண்ணுக்கு அது வேற மாதிரி மறைப்பு.

அதனால வழி எடுக்கறப்ப குறுக்கு வழி எதுன்னு பார்க்காதீங்க. எந்த வழியில தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) அதிகமா இருக்குதுன்னு பாருங்க. முந்நூறு நானூறு மீட்டருக்கு ஒரு சாளை, வாசல்ல ஒரு அமத்தா (பாட்டி) உக்காந்திருந்தாப் போதும். அரை கிலோமீட்டர் சுத்தினாலும் பொண்ணுங்க அந்த வழியில போவாங்க. வேலியும் சில இடத்துல இடுப்பு உசரத்துக்கு வெட்டி விடணும்.

புதுகை_மலர்

ரேவதி டீச்சருக்கு ஒரு வணக்கம். நான் புதுக்கோட்டை. 90களின் தொடக்கத்துல அறிவொளி (எழுத்தறிவு) இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியரா இருந்தப்ப, பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. எங்கம்மாவும் ஒருத்தர். அம்மா எப்பவும் சொல்றது, “நாங்க தனியாப் போகலடி, பத்துப் பேராப் போனோம்.” அப்ப ரோடு இப்ப மாதிரி இல்லை, எதிர்ல ஒரு பஸ்ஸு வந்தா அது பெரிய விஷயம். ஆனா கூட்டமாப் போனதுதான் கேலியையும் வாய மூட வெச்சது. காலையில எட்டரைக்கு ஒரு இடத்துல சேர்ந்து கிளம்பற பழக்கம் வந்தா இட்டேரியும் ஆள் இருக்கற வழி ஆயிடும். பாதைக்கு முன்னாடி அதை ஆரம்பிக்கலாம், காசும் ஆகாது.

கணக்குப்பிள்ளை

வருவாய்ப் பக்கம் நாலு வார்த்தை. ஒவ்வொரு இட்டேரியும் பொதுப்பாதை இல்லை. எஃப்எம்பி-யையும் (புல அளவு வரைபடம்) ‘அ’ பதிவேட்டையும் (கிராம நிலக் கணக்கு) எடுத்துப் பாருங்க, ரெண்டும் இணையத்துலயே கிடைக்குது. வண்டிப்பாதைப் புறம்போக்குன்னு தனிப் புல எண் இருந்தா அது சர்க்கார் நிலம், சர்வே கேட்டு மீட்கலாம். பட்டா நிலத்துக்குள்ள வழி ஓடுதுன்னா அது ரெண்டு குடும்பத்துக்குள்ள பத்திரத்துல எழுதிக்கிட்ட வழிநடைப் பாத்தியமா இருக்கலாம். அதுல ஊரே போகணும்னு கேட்டா வழக்குதான். அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச காட்டுல இது நிறைய.

வண்டிப்பாதைன்னு உறுதியானா கிராம சபையில தீர்மானம் போட்டு, ஊராட்சிச் சாலைகளோட பதிவுல ஏத்தச் சொல்லுங்க. பதிவுல இல்லாத பாதைக்கு யாரும் ஒரு ரூபாய் செலவு பண்ண முடியாது. கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆக்கிரமிப்புன்னா ஜமாபந்தியில (வருஷா வருஷம் தாலுகாவுல நடக்கற வருவாய்க் கணக்குத் தணிக்கை) மனு.

உத்ரெக்ட்வாசி

வாய்க்கால் கரை பற்றி யாரும் பேசவில்லையே? கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர், கடைமடை மங்கலப்பட்டி வரை வருகிறது. 1283இல் வெட்டி முடித்ததாகச் சொல்லும் காலிங்கராயன் வாய்க்கால் கொடுமுடி வரை சுமார் 90 கிலோமீட்டர். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) கிளை வாய்க்கால் வெள்ளகோவிலுக்கே வருகிறது. சரிவே இல்லாத பாதை, குறுக்குச் சாலை குறைவு. இங்கே இருந்திருந்தால் முதல் பாதை அதில்தான் போட்டிருப்பார்கள்.

பழைய_ஓவர்சியர்

பெரியவர்களுக்கு நல்ல பாதைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் அல்ல. வாய்க்காலின் ஒரு கரை ஜீப் போகும் அகலம், மறு கரை குறுகல். கான்கிரீட் போட்ட இடத்தில் சைக்கிளோடு விழுந்த பிள்ளைக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது, பாசி வழுக்கும். தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும். ஜீப் கரையில் தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி ஓட்டக்கூடிய இடம் இருந்தால், இடையிடையே இறங்கு படிகள் இருந்தால், எடுத்துக்கொள்ளலாம். மதகு வரும் இடங்களில் பாதை ஒடுங்கும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதையும் வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள்.

முத்தூரானின் கடப்புக்கு வருகிறேன், அதுதான் முடிச்சு. மீடியனை நேராக உடைத்து வழி விடுவது தற்கொலை. எக்ஸ்எல்லும் கரும்பு வண்டியும் அதில் திரும்பத் தொடங்கும். நடந்தும் தள்ளியும் போகிறவர்களுக்கு மட்டும் இசட் வடிவில் வழி விடலாம். இந்தப் பக்க இரண்டு தடத்தைக் கடந்து மீடியனுக்குள் வந்து, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி பத்தடி நடந்து, பிறகு அடுத்த இரண்டு தடம். சைக்கிள் நீளம் 1.8 மீட்டர், ஆகவே உள்ளே நிற்க 2 மீட்டருக்குக் குறையாத அகலம் வேண்டும். மீடியன் அவ்வளவு இல்லையென்றால் அந்த இடத்தில் கடப்பே வைக்கக் கூடாது.

இதற்கு முன்னால் இன்னொன்று பாருங்கள். இரு பக்கமும் அரைக் கிலோமீட்டருக்குள் சாலைக்கு அடியில் பெட்டிப் பாலம் ஏதாவது இருக்கிறதா? ஓடைக்காகக் கட்டியது, பத்து மாதம் காய்ந்து கிடக்கும். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் ஒரு ஓரத்தில் மேடாக நடைத்தளம் கட்டி அதையே கடப்பாக்கலாம். ஆட்டுக்காரர்கள் பல இடத்தில் ஏற்கனவே அப்படித்தான் போகிறார்கள்.

வேகத்தையும் மறக்கக் கூடாது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்து வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடப்பு வைத்துவிட்டு வேகத்தை விட்டுவிட்டால் கடப்புதான் பொறி.

கணக்குப்பிள்ளை

சட்டப் பிடிமானம் கேட்டா இப்ப கொஞ்சம் இருக்குது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல போட்ட பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்துல இன்னும் நடக்குது. அதுல 2025 அக்டோபர்ல, நடக்கறவங்களையும் மோட்டார் இல்லாத வண்டிகளையும் பத்தியும், தேசிய நெடுஞ்சாலை தவிர்த்த சாலைகளோட வடிவமைப்பைப் பத்தியும் மாநிலங்கள் ஆறு மாசத்துல விதிகள் வகுக்கணும்னு உத்தரவு. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல வந்த 198ஏ பிரிவு, தவறான வடிவமைப்புக்குச் சாலை போட்டவரும் பொறுப்புன்னு சொல்லுது, அபராதம் ஒரு லட்சம் வரை. மனுவுல இந்த எண்களை எழுதுனா வாங்கி மேசை மேல வைக்கறவங்க கொஞ்சம் கவனமா வைப்பாங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்.

டாப்கியர்

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு பண்ணி எத்தனை பேர் போவாங்க?

ரேவதி_தாராபுரம்

எங்க பள்ளிக்கூடத்துல மட்டும் பதினேழு. முத்தூரான் அண்ணா பொண்ணோட பதினெட்டு.

முத்தூரான்

நேத்து திரும்பப் போனேன். ஓவர்சியர் சார் சொன்ன மாதிரி டேப் எடுத்துக்கிட்டு. மீடியன் 1.2 மீட்டர்தான், இசட் கதை ஆகாது. ஆனா 350 மீட்டர் மேற்கால ஒரு பெட்டிப் பாலம் இருக்குது! இத்தனை வருஷம் அதுக்கு மேலயே போயிட்டு வந்திருக்கேன், தெரியலை. உள்ள நின்னு பார்த்தேன், கை தூக்குனா கூரை எட்டலை. எதிர்முனை வெளிச்சம் தெரியுது. தரையில ஆட்டுப் புழுக்கை, ஓரமா நாலு பாட்டில். அங்க இருந்து பள்ளிக்கூடம் பக்கத்து இட்டேரிக்குப் போக ஒரு காட்டோரமா 350 மீட்டர் வழி வேணும். ‘அ’ பதிவேடும் எஃப்எம்பி-யும் பார்த்தேன், ஓடைப் புறம்போக்கு 6 மீட்டர் அகலம் இருக்குது, ஆனா அதை ஒட்டின காடு நம்ம கொறங்காட்டுக்காரர் பெருமாள் கோயில் பக்கம்னு சொன்னாரே, அதுவான்னு சந்தேகம்.

ரேவதி டீச்சர், வழியில மூணு சாளை. நடுவுல 700 மீட்டர் ஒண்ணுமே இல்லை. அந்த 700தான் எனக்கும் உறுத்துது. நவம்பர் 1 கிராம சபைக்குள்ள வரைபடத்துல 23 புள்ளி வெச்சுக் கொடுக்கலாம்னு இருக்கேன். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுபடி நடக்கறேன், வர்றவங்க வரலாம். தண்ணி பாட்டிலும் அரிவாளும் நான் கொண்டு வர்றேன்.

காவடிச்சிந்து_72

நான் வர்றேன். செருப்போட.

கொறங்காட்டுக்காரர்

அது எங்க காடேதான். அந்தப் பாலத்துக்குள்ள எங்க ஆடு மத்தியானம் படுக்கும், பாட்டில் எங்களுது இல்லை.

ஓடைப் புறம்போக்குல போறதுக்கு என்னைக் கேக்க வேண்டியதில்லை. ஆனா மேக்கால 40 மீட்டர் ஓடை கரை சரிஞ்சு போச்சு, அங்க என் வேலிக்குள்ளதான் கால் வைக்கணும். எழுதிக் குடுக்கறதெல்லாம் எங்கண்ணனையும் கேட்டுத்தான், பாகம் இன்னும் பிரியலை. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டறேன். கடவுல நுழைஞ்சீங்கன்னா படலைச் சாத்திட்டு வாங்க, குட்டி போட்ட ஆடு ரெண்டு நிக்குது.